மஞ்சள் அணைந்த நொடி

கரண்ட் போய்விட்டது. கண்ணாடித் தட்டைக் கம்பளிக் கோட்டுக்குள் வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ரௌஷன் படியிறங்கி ஓடினாள்.

மேல்மாடி ஆய்வுக்கூடத்துச் சூடுபெட்டி குளிர ஆரம்பித்திருந்தது. வெளியே அல்மாத்தி நகரம் முழுக்கப் பனி. தட்டிலிருக்கும் செல்கள் குளிர் தாங்காது.

கீழ்த்தளத்து மைக்ரோஸ்கோப் அறைக்கு மட்டும்தான் ஜெனரேட்டர்.

"அடைகாக்குற கோழி மாதிரி வர்றீங்களே அக்கா," என்றான் தர்ஹான். மெஷினைப் பார்த்துக்கொள்ள இந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவன். "உங்க மேல ஒரே எண்ணெய் ரொட்டி வாசம். வீட்ல விசேஷமா?"

"மெஷினைப் போடு தம்பி. இதுதான் கடைசித் தட்டு."

ஒரு குழந்தையின் மூக்கிலிருந்து சுரண்டியெடுத்த செல்கள். அவற்றின் மேலுறையில் இரண்டு புரதங்கள். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால்தான் மூச்சு சீராக வரும். இந்தக் குழந்தைக்கு அவை விலகியே நின்றன. சேர்த்துவைக்கும் என்று நம்பி ஒரு மருந்தை நேற்று தட்டில் விட்டிருந்தாள் ரௌஷன்.

ஒன்றுக்கு நீலச் சாயம், மற்றதற்கு மஞ்சள். ஒட்டி நின்றால் நீலம் தன் வெளிச்சத்தை மஞ்சளுக்குக் கொடுத்துவிட்டு மங்கிக் கிடக்கும். மஞ்சளை லேசரால் பொசுக்கினால், நீலம் சட்டென்று பிரகாசமாகும்.

சேர்ந்திருந்தார்களா என்பது ஒன்றை அழித்த பிறகுதான் தெரியும்.

கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. கணவன். கட் செய்தாள்.

"சுடட்டுமாக்கா?"

"சுடு."

மஞ்சள் அணைந்தது.

நீலம் எழுந்தது. செல்லின் விளிம்பு முழுக்க, வளையல் மாதிரி.

தர்ஹான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். "மருந்து வேலை செய்யுதுக்கா. முதல்ல அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட சொல்லுங்க. பாவம், இன்னிக்காவது நிம்மதியாத் தூங்கட்டும்."

தட்டின் மேல் பெயர் இல்லை. வழக்கம்போல் வெறும் எண்.

ரௌஷன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு."

போன் மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்தாள். அந்தச் சின்ன அறையில் அவள் கணவனின் குரல் தர்ஹானுக்கும் கேட்டது.

"பிள்ளை போன நாற்பதாம் நாளுக்கு ஓத முல்லா வந்து உக்காந்தாச்சு. பிள்ளையைப் பெத்தவ எங்கேன்னு எல்லாரும் கேக்குறாங்க ரௌஷன்."