மழைக்கான சொல்

குளத்தில் அந்த இனத்துத் தவளை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதோடு அதன் பாஷையும் போய்விடக் கூடாது என்று மைனா ஒற்றைக்காலில் நின்றது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் தொண்டை அதற்கு. கோடை முழுக்க வந்து சேறு, பாசி, பாம்பு என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு வாங்கியது.

"மழைக்கு என்ன சொல்வீங்க?"

"அதை மழையிலதான் சொல்வோம்," என்றது தவளை. "காஞ்ச தரையில சொன்னா பொய்யாயிடும்."

மைனாவுக்கு நனைவது ஆகவே ஆகாது. ஆனாலும் ஐப்பசி மழை கொட்டியபோது, மற்ற பறவைகள் பொந்துக்குள் ஒடுங்க, அது மட்டும் கரையில் வந்து உட்கார்ந்தது.

தவளை நீளமாக ஒரு சொல்லைக் கூவியது. பிறகு எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானா?"

"இது பாதிதான். மீதியை அந்தக் கரையில இருக்கிறவங்க சொல்லணும். அதைக் கேட்டு வருஷக்கணக்காச்சு."

மைனா ஈர இறக்கையோடு தட்டுத்தடுமாறி எதிர்க்கரைக்குப் பறந்தது. அங்கிருந்து, மீதி இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியதைக் கூவிப் பார்த்தது.

"தப்பு," என்று உடனே பதில் வந்தது. தவளையின் குரலில் அத்தனை துள்ளலை மைனா அதுவரை கேட்டதில்லை. "சுத்தத் தப்பு. திரும்பச் சொல்லு."