சிண்டுவின் கழுத்துப்பட்டை

எங்கள் வீட்டுத் தானியங்கிச் சமையலறை அவரவர் உடம்புக்கு விதித்ததை மட்டுமே தரும். என் கணவர் தயாளனுக்கு மூன்று வேளையும் உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி. எங்கள் நாய் சிண்டுவுக்கு அளந்து வேகவைத்த கோழி. அதன் கழுத்துப்பட்டையைக் கண்டால்தான் நாய்த்தட்டின் மூடி திறக்கும்.

மேசைக்கடியில் பிஸ்கட் போட்டுப் போட்டு சிண்டுவைப் பீப்பாயாக்கியவர் இந்த மனிதர்தான். இப்போது அது எலும்பும் தோலுமாகிவிட்டது.

"தட்டு தினமும் காலியாகுதே, அப்புறம் ஏன் இப்படி இளைக்குது? பகல்ல நீங்கதானே வீட்ல இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் உன் டயட்தான். அதையும் கொல்லு, என்னையும் கொல்லு!" என்று எரிந்து விழுந்தார்.

நேற்று அலுவலகத்திலிருந்து சீக்கிரமே திரும்பினேன். சிண்டு பூட்டிய பால்கனியில் வெறுங்கழுத்தோடு நின்றது. அதன் பட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தரையில் குனிந்து, கோழியை வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தார் தயாளன்.

"மெதுவா சாப்பிடுடா சிண்டு, சமத்து," என்று கொஞ்சியது தட்டு.

நான் வந்த சுவடு தெரியாமல் வெளியேறினேன். இன்று முதல் சிண்டுவுக்கு என் பங்குக் கோழியை ஊட்டுகிறேன். நாய்த்தட்டின் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.