வண்டி இனி தினமும் உண்டு

மாமியாரின் டிரங்குப் பெட்டியை ரயிலுக்குள் தூக்கி வைத்தபோது என் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. ஆனாலும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

அப்படி ஒரு நாள் அது.

நான்கு வருடத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் பாசஞ்சர் வண்டி வந்து நிற்கிறது. இன்ஜின் முகப்பில் பலூன் கட்டியிருந்தார்கள். வாடகைக்குப் பிடித்த பேண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தது. ஊரே திரண்டு வந்து வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ரயில்காரர் என்றுதான் இப்போது எனக்குப் பெயர். ஜெராக்ஸ் கடைக்காரன் என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது. மனுக் கொடுத்தது, ஆள் திரட்டியது, அதிகாரிகள் வாசலில் தவம் கிடந்தது எல்லாம் நான்தான். பொதுக்காரியத்தில் இப்படி ஓர் அக்கறை யாருக்கு வரும் என்று மருந்துக் கடைக்காரர் கண் கலங்கினார்.

பொதுக்காரியமாவது, மண்ணாங்கட்டியாவது.

தன் வீட்டைப் பூட்டிவிட்டு, பத்து நாள் மகளோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று மாமியார் இதே வண்டியில்தான் வந்து இறங்கினார். ஆள் ஏறுவதில்லை என்று ஏற்கெனவே பெட்டிகளைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, வண்டியைக் குற்றுயிராக வைத்திருந்தார்கள். அவர் இறங்கிய வாரத்தில் மிச்ச உயிரும் போயிற்று.

பேருந்து அவருக்கு ஆகாது. ஒருமுறை கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டாவது வளைவிலேயே கண்டக்டர் விசில் ஊதி எங்கள் இருவரையும் மரியாதையாக இறக்கிவிட்டார். என் சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். காரிலும் அதே கதைதான்.

எங்கள் வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். அதில் அம்மாவும் மகளும், கூடவே மின்விசிறியும். எனக்குக் கூடத்து சோபா. அது என்னைவிட ஒரு முழம் குட்டை. நான்கு வருடமாக என் கால்கள் அந்தரத்தில்தான் தூங்குகின்றன. விடிந்ததும் என் குறட்டையைப் பற்றி மாமியாரின் விமர்சனம் வேறு.

நல்ல மனுஷிதான். அதையும் சொல்லிவிட வேண்டும். நான் காய்ச்சலில் கிடந்த வாரத்தில் கடையைத் திறந்து, மெஷினைத் தட்டி, திட்டி, ஓட வைத்தவர். ஆனால் மனுஷி நல்லவர் என்பதற்காக ஒருவன் எவ்வளவு காலம்தான் காலை மடக்கிக்கொண்டு படுப்பான்?

மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பெட்டியை அவர் காலடியில் நன்றாக உள்ளே தள்ளிவிட்டேன்.

கீழே இறங்கினேன். ரயில்வே அதிகாரி ஒருவர் ஆள் எண்ணுகிற கருவியோடு நின்றிருந்தார். ஒருவர் ஏறினால் ஒரு அமுக்கு. அவர் கட்டைவிரலுக்கு அவ்வளவாக வேலை இருக்கவில்லை. ஒரு மாதத்துக்கு இது வெள்ளோட்டம்தான், ஆள் ஏறாவிட்டால் மறுபடி நிறுத்திவிடுவார்கள் என்று என் காதோடு சொன்னார். இவ்வளவு கூட்டம் இருக்கிறதே என்றேன். வேடிக்கை பார்ப்பவர்களை எண்ணச் சொல்லவில்லையே என்றார்.

இருக்கட்டும். எனக்கு ஏற வேண்டியவர் ஏறியாயிற்று.

கார்டு பச்சைக் கொடியை எடுத்தார். அப்போதுதான் ஜன்னலோரம் காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

மாமியார் ரயில் வாசலில் நின்று டிரங்குப் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பேண்டுக்காரர் ஒருவர் டிரம்மைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் இறக்கிக் கொடுத்தார். உதவி செய்வதற்கு என்ன அவசரமோ அவருக்கு.

“அதான் தினமும் வண்டி விட்டுட்டாங்களே மாப்பிள்ளை, இனி என்ன அவசரம்? தோணுறப்ப போய்க்கலாம்.”

சொல்லிவிட்டுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். என் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலை நீட்டினாள்.

தோணுறப்ப. அது ஒரு மாதத்துக்குள் தோன்ற வேண்டுமே. தோன்றுவதற்குள் வண்டி நின்றுவிட்டால், ஆயுளுக்கும் நானும் சோபாவும்தான்.

அதிகாரி கருவியைப் பைக்குள் போடப் போனார். வண்டி மெல்ல நகர்ந்தது.

ஓடினேன். பிடித்துக்கொண்ட இடுப்போடு ஓடிக் கம்பியைப் பற்றி ஏறினேன். மாமியாருக்கு எடுத்த டிக்கெட் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுத்து ஆட்டி, என்னையும் சேர்த்துக்கொள்ளும்படி அதிகாரிக்குக் கை காட்டினேன். அவர் ஒரு அமுக்கு அமுக்கினார்.

ஊர் கைதட்டியது. ரயில்காரர் ஊருக்கே வழிகாட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

ஆளில்லாத பெட்டியில் ஜன்னலோரம் போய் விழுந்தேன். வெளியே மாமியார் எழுந்து வண்டியோடு வேகமாக நடந்து வந்தார். கைப்பையைத் துழாவி ஒரு சாவியை எடுத்து ஜன்னல் கம்பிக்குள் நீட்டினார்.

“நம்ம வீட்டுலயே போய்த் தங்குங்க மாப்பிள்ளை. கட்டில் பெரிசு, காலை நல்லா நீட்டிப் படுக்கலாம்.”

வாங்கிக்கொண்டேன். எப்போது திரும்புவேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.