நடுவில் ஒரு கோடு

ஒன்பதாம் தேதி இரவு பத்தேகாலுக்கு விமானம். இரண்டு நாள் முன்பே அண்ணனின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்தாள் தங்கை.

"எவ்வளவு நேரம் பறக்கணும்?"

"பத்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்ணா. எங்கயும் நிக்காது. பன்னெண்டு மணி நேரம்."

"அப்ப ராத்திரி ஏறித் தூங்கினா விடியும்போது அங்க. பத்தாம் தேதி பதினோரு மணிக்குத்தானே கூப்பிடுறாங்க? குளிச்சிட்டே போலாம்."

"நடுக்கடல்ல ஒரு கோடு தாண்டணும்ணா."

"படத்துக்குக் கோடு போட்டே சாப்பிடுற வீடு. நமக்கே கோடு காட்டுறியா?" சிரித்தான்.

ஆற்றுப் பாலத்துக்கான வடிவமைப்புப் போட்டியின் கடைசிச் சுற்று அது. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பாலத்தை வரைந்தவள் தங்கை. படத்தின் மூலையில் இருந்த பெயர் அண்ணனுடையது. "உனக்கு நாலு பேர் முன்னாடி நாக்கு ஒட்டிக்கும்" என்று, தானே போவதாக முடிவு செய்துவிட்டான்.

"நடுத்தூண் ஏன் சாஞ்சிருக்குன்னு கேட்டா?"

"காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து வருதுண்ணா."

"அதையே சொல்லிக்கிறேன்."

டிக்கெட்டை அவன் கைபேசிக்கு அனுப்பினாள். சன்னலோர இருக்கையா என்று மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போட்டுக்கொண்டான்.

"எனக்கு நாளையிலேர்ந்து லீவு வேணும்ணா."

"எடுத்துக்க. உன் வேலைதான் முடிஞ்சுதே. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம எங்கயாச்சும் போய்ட்டு வா."

போனாள்.

விமான நிலைய வாசலிலிருந்து அவன் கூப்பிட்டபோது அவள் ஓட்டல் அறையில் திரையை விலக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி இருக்க? கார் அனுப்புறேன்னாங்க, ஒருத்தனையும் காணோம். போன் பண்ணினா, நேத்தே முடிஞ்சுபோச்சுங்கறான். இன்னிக்குப் பதினொண்ணாம் தேதியாம்!"

"ஆமாண்ணா. அந்தக் கோட்டுக்குத் தேதிக்கோடுன்னு பேரு. மேற்குப் பக்கமா தாண்டினா ஒரு நாள் காணாமப் போயிடும். டிக்கெட்டுலயே போட்டிருந்துது."

சன்னலுக்குக் கீழே தெரிந்தது அவர்கள் ஊரல்ல; அவன் வந்திறங்கிய அதே ஊர். பாலம் வரப்போகும் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அவள் எட்டாம் தேதி விமானத்தில் ஏறி, பத்தாம் தேதி விடிய இறங்கியவள். அன்று பதினோரு மணிக்கு, யார் வரைந்தது என்று நடுவர்கள் கேட்டார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது உண்மைதான். பென்சிலை எடுத்து, சாய்ந்த தூணிலிருந்து தொடங்கி, முழுப் பாலத்தையும் அவர்கள் கண்முன்னே வரைந்தாள். மூலையில் இப்போது இருப்பது அவள் பெயர்.

மறுமுனையில் பெட்டியின் சக்கரம் உருள்வது நின்றது.

"அப்ப... என்னோட பத்தாம் தேதி எங்கடி போச்சு?"