நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு

"மரத்தடியில உக்காந்துக்கினு நீயே டிக் போட்டுட்டியாம்மா?"

கேட்டவர் ஆனந்தராஜ் சார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஆபீசுக்கு வந்திருக்கும் சர்வே சூப்பர்வைசர். எதிரில் மலர்விழி. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது.

கேள்வி ஒன்றே ஒன்று. 'எல்லா சாதிக்காரர் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பீர்களா?'

"அஞ்சு வருஷம் முன்னாடி இதே ஊர்த்தெருவுல நூத்துக்கு முப்பத்தொண்ணு பேருதான் குடிப்பேன்னாங்க. இப்ப தொண்ணூத்திரண்டா? யாருகிட்ட காது குத்தற?"

"நூறு வூட்டு வாசப்படியும் ஏறினேன் சார். அவங்க சொன்னதத்தான் எழுதினேன். பழகறதுக்கு மொத ஃபாரம் உங்களையே கேட்டு எழுதச் சொன்னீங்களே, அதே மாதிரிதான்."

"நேர்லயே பார்த்துடலாம். கணக்கு தப்புன்னா நாளைக்கி வேலைக்கு வராத."

பத்து வீட்டை அவரே சீட்டுக் குலுக்கி எடுத்தார். கூட்டேரிப்பட்டில் பஸ் இறங்கி, கிராமத்துக்கு நடந்தார்கள். நல்ல வெயில்.

முதல் வீட்டுக்காரி சின்னபொண்ணு சிரித்தாள். "குடிப்போங்க. இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாத்துக்கினு இருக்காங்க?"

அதற்குள் சாரின் பாட்டில் காலி. அவளிடமே கேட்டு ரெண்டு சொம்பு தண்ணி குடித்தார்.

அடுத்தடுத்த வீடுகளில் மலர்விழியைத் தெருமுனையிலேயே நிற்க வைத்துவிட்டுத் தனியாகப் போனார். கண் ஜாடை காட்டிவிடுவாளாம்.

பத்தில் ஒன்பது வீடு அதே பதில்.

"சாரிம்மா, உன்னைப் பேஜாரு பண்ணிட்டேன். ஊரு நெசமாவே மாறிடுச்சு. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

மலர்விழிக்குப் போன உயிர் திரும்பியது. "பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு சார். எங்க வூடு பக்கத்துலதான். வந்துட்டுப் போங்க."

அவள் காலனிப் பக்கம் திரும்பியதும் சாரின் நடை மெதுவானது.

"இங்கயா உன் வூடு?"

"ஆமா சார்."

மலர்விழியின் அம்மா சொம்பை விளக்கி, பானைத் தண்ணி மொண்டு வந்தாள். "வெயில்ல வந்துருக்கீங்க சார், குடிங்க."

"இருக்கட்டும்மா. எங்கிட்ட பாட்டில் இருக்குது." பையைத் தட்டிக் காட்டினார்.

நீட்டிய சொம்போடு அம்மா அப்படியே நின்றாள். மலர்விழி அதை வாங்கித் தானே குடித்தாள். பிறகு ஃபாரக் கட்டைப் பிரித்து முதல் ஃபாரத்தை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க சந்தேகப்பட்டது சரிதான் சார், கணக்கு தப்புதான். இதுலயும் 'குடிப்பேன்'னுதான் எழுதியிருக்கு."