இடது இறக்கை

“இது என் விமானம் இல்லை.”

ஸ்குவாட்ரன் லீடர் குழந்தைவேலு இப்படிச் சொன்னதும், ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி நின்ற பக்தவத்சலம் தட்டைத் தாழ்த்திவிட்டு விமானத்தைத் திரும்பிப் பார்த்தார்.

போர்ட் பிளேரில், மின்னி பே பள்ளிக்கூட மைதானத்தில் நிற்க இடமில்லை. நடுவில் சிமெண்ட் மேடை. அதன் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் பயிற்சி விமானம். பறக்கக் கற்றுக்கொள்ள வந்த எத்தனையோ பையன்களைச் சுமந்துவிட்டு ஓய்வு பெற்றது. இதே பள்ளியில் படித்து, போன யுத்தத்தில் பேர் வாங்கிய குழந்தைவேலு, தான் பழகிய அந்த விமானத்தை மேலிடத்தில் கேட்டுப் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்.

கப்பலில் வந்து இறங்கியபோது அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பள்ளிக் கமிட்டிச் செயலாளர் பக்தவத்சலம் தன் இரும்புக் கடையைக்கூடக் கவனிக்காமல் மழைக்காலம் முழுக்க அதன் பின்னால் அலைந்தார். டிங்கர் ஜெயராமனை விரட்டி விரட்டி வேலை வாங்கி, புது மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

வேலையில் ஏமாற்றுகிறவனை அவருக்குப் பிடிக்காது. ஒரு தரம் மாட்டியவனுக்கு அவர் தயவில் மறுபடி போர்ட் பிளேரில் வேலை கிடைத்ததே இல்லை.

“சார், நல்லாப் பாருங்க. வால்ல நம்பர் இருக்கு” என்றார் பதறிப்போய்.

“பெயிண்ட் புதுசா இருக்கே. யார் எழுதினது?”

“நம்ம டிராயிங் மாஸ்டர். பழைய நம்பரைப் பார்த்து அப்படியே...”

குழந்தைவேலு உதட்டைப் பிதுக்கினார். “மெயின்லேண்ட்ல மாத்தி ஏத்திட்டாங்க போல. இதே மாதிரி நிறைய நின்னுச்சு அங்கே. இதுலதான் நான் பழகினேன்னு பசங்ககிட்ட எப்படிப் பொய் சொல்றது? என்னால திறந்து வைக்க முடியாது, ஐயா.”

கூட்டம் முணுமுணுத்தது. கணக்கு வாத்தியார் தங்கையா பக்தவத்சலத்தின் காதைக் கடித்தார்.

“தலைக்கனத்தைப் பார்த்தீங்களா? எட்டாங்கிளாஸ்ல என்கிட்ட ரெண்டு வருஷம் ஃபெயிலான பய, சார்!”

பக்தவத்சலத்துக்கும் அப்படித்தான் பட்டது. ராப்பகலாக உழைத்ததற்கு இதுவா மரியாதை?

குழந்தைவேலு இடது இறக்கைப் பக்கம் போய் அதன் நுனியைத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் தடவினார்.

“என்ன தம்பி தேடுறீங்க?” கோபத்தில் ‘சார்’ போய்த் ‘தம்பி’ வந்துவிட்டது.

“ஒடுக்கு. இங்கே ஒரு ஒடுக்கு இருக்கணும். நான் போட்டது.”

“நீங்களா?”

“முதல் தடவை தனியா ஓட்டி இறக்கினப்போ, கோணலா இறங்கி இறக்கை தரையில இடிச்சிடுச்சு. அவ்வளவுதான், அடுத்த கப்பல்ல ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு அழுதுட்டு நின்னேன். எங்களுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்த மாஸ்டர் அனுப்பல. மத்த அடியெல்லாம் சரி பண்ணச் சொன்னவர், பறக்கத் தொந்தரவு இல்லாத அந்தச் சின்ன ஒடுக்கை மட்டும் எடுக்க விடல.”

“ஏன்?”

“அதுக்கப்புறம் புதுசா வந்த ஒவ்வொரு பையனும், தனியா ஏறுறதுக்கு முன்னாடி அதைத் தொட்டுட்டுத்தான் ஏறுவான். ‘இதைப் போட்டவனே இன்னிக்கு ஜம்முனு ஓட்டுறான், உனக்கென்னடா பயம்?’னு மாஸ்டர் கேட்பார்.”

குழந்தைவேலு இறக்கையிலிருந்து கையை எடுத்தார்.

“யுத்தத்துக்குப் போன விமானத்தையே கேட்டிருக்கலாம், ஐயா. நம்ம பசங்க தொட்டுப் பார்க்கட்டும்னுதான் இதைக் கேட்டேன்.”

தங்கையா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த ஒடுக்கு பக்தவத்சலத்துக்கு நன்றாக நினைவிருந்தது. ‘அசிங்கமா இருக்கு, தட்டி நிமிர்த்து’ என்று ஜெயராமனின் உயிரை வாங்கியதே அவர்தான்.

“விமானம் இதுதான், தம்பி. அழகா இருக்கட்டும்னு நான்தான் அதை எடுக்கச் சொன்னேன். விலைமதிக்க முடியாத பொருளை அழிச்சுட்டேனே!” கண்ணில் நீர் முட்டிவிட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெயராமன் வந்தான்.

“முதலாளி... கல்தி ஹோ கயா. தப்புப் பண்ணிட்டேன்.”

“நீ என்னடா தப்புப் பண்ணினே? நான் சொன்னதைத்தானே செஞ்சே?”

“செய்யல, முதலாளி. தட்டி நிமிர்த்த சோம்பேறித்தனப்பட்டு, யாருக்குத் தெரியப் போவுதுன்னு பள்ளத்தை அடைக்கிற பட்டிப் பசையை அப்பி, மேல பெயிண்ட் அடிச்சுட்டேன். சுரண்டினா உள்ள அப்படியே இருக்கும்.”

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டு நின்றான் அவன்.

“சுரண்டு” என்றார் பக்தவத்சலம்.

ஜெயராமன் பாக்கெட்டிலிருந்து திருப்புளியை எடுத்துச் சுரண்டினான். மஞ்சளும் பட்டியும் பொலபொலவென்று உதிர்ந்தன. உள்ளே, எத்தனையோ விரல்கள் தொட்டுத் தொட்டு வழவழப்பாகிப்போன அந்த ஒடுக்கு.

குழந்தைவேலு அதில் விரலை வைத்தார். “அரே, என் விமானம்!” என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

பக்தவத்சலம் விறுவிறுவென்று ஜெயராமனிடம் போனார். அடி விழப்போகிறது என்று அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“அடப்பாவி! என் ஆயுசுல எனக்கு யாரும் இவ்வளவு நல்ல வேலை செஞ்சு கொடுத்ததில்லையேடா!” என்று அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார் அவர்.