நடுக்கடலிலிருந்து ஓர் அசைன்மென்ட்

பள்ளி விட்டாயிற்று. வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தபடி ஊர்கின்றன. கணினி அறையில் தஸ்னீம் டீச்சர், வகுப்புச் செயலியில் அடுத்த வாரத்துக்கான அசைன்மென்டைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். மோகனப்ரியா மட்டும் வீட்டுக்குப் போகாமல், காற்றில் அடித்துக்கொள்ளும் சன்னல் கதவைப் பிடித்தபடி திரையையே பார்க்கிறாள். அதன் ஓரத்தில் இந்த வார அசைன்மென்டுக்கான பட்டியல்: எல்லாப் பெயருக்கும் எதிரே பச்சை; அவளுடையதற்கு மட்டும் 'இன்னும் வரவில்லை'. "நேத்தே எழுதிட்டேன்னியே, அப்புறம் ஏன் எப்பவும் உன்னோடது லேட்டு?" தஸ்னீமுக்குக் கோபமில்லை, தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். "செல்போன நைனா மீன் புடிக்க போட்ல எட்த்துகினு பூடுச்சி மிஸ்." "அப்பா போறதுக்கு முன்னாடியே அனுப்பலாமே?" மோகனப்ரியா நகத்தைக் கடிக்கிறாள். "நான்தான் வாணான்னேன். நடுக்கடல்ல அனுப்பு நைனான்னேன். அங்க டவர் கெடையாது. கரைகிட்ட வந்தாத்தான் இங்க வந்து சேரும். நைனா வந்துகினு கீதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

தஸ்னீமின் விரல்கள் நின்றுவிடுகின்றன. காற்று கதவை மறுபடி இழுக்கிறது. அவள் பட்டியலைப் புதுப்பிக்கிறாள். வட்டம் சுற்றிச் சுற்றி அதே வரியைக் கொண்டுவருகிறது. இன்னொரு முறை. இன்னொரு முறை. சட்டென்று அந்த இடத்தில் 'தாமதமாக வந்தது' என்று சிவப்பில் எழுகிறது. "அம்மாகிட்ட சொல்லணும் மிஸ்!" கதவை விட்டுவிட்டுப் பையோடு ஓடுகிறாள் மோகனப்ரியா. படாரென்று அடிக்கும் கதவை எழுந்து சாத்திவிட்டு, தஸ்னீம் பாதியில் நின்ற புது அசைன்மென்டுக்குத் திரும்புகிறாள். எப்போதைக்குள் அனுப்ப வேண்டும் என்று கடைசி நேரம் கேட்கும் கட்டத்தைக் காலியாகவே விட்டு, வகுப்புக்கு அனுப்புகிறாள்.